பொதுவில் இருப்பது போக

பிப்ரவரி 2

சார்,

இந்தக் கடிதத்தின் முதல் பாதியை எழுதுவது கணினிப் பிரிவின் பொறுப்பாளர். பின்பாதியை உங்கள் சம்பந்தி எழுதுவாள். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நம் ஆற்றுநீர் ஆய்வு நிலையத்தின் சர்வரில் இடம் தீர்ந்துவிட்டது. போன வாரம் சிலருடைய வேலை பாதியில் நின்றுபோனது. புது டிஸ்க் கேட்டோம். இயக்குநர் டிஸ்குக்குப் பதிலாக ஓர் உத்தரவு போட்டிருக்கிறார். ஓய்வுபெற்ற பிறகும் இங்கே பயனர் கணக்கு வைத்திருப்பவர்கள் தங்கள் ஃபோல்டரை மாதக் கடைசிக்குள் குறித்த அளவுக்குச் சுருக்க வேண்டும். சுருக்காதவர்களின் கணக்கு மூடப்படும்.

எல்லாருடைய ஃபோல்டரையும் அளந்து பார்த்தேன். பெரியது யாருடையது என்று நினைக்கிறீர்கள்? ஒரு பிரிவில் வேலை பார்ப்பவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து வந்தாலும் உங்கள் பக்கத்தில் நிற்க முடியாது. ஆற்றின் அளவுகள் அவ்வளவு இடம் பிடிக்குமா என்று உள்ளே போய்ப் பார்த்தேன். அளவுகள் ஒரு மூலையில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கின்றன. மீதியெல்லாம் பேக்கேஜ், யாரோ எழுதி வைத்த ஆயத்த நிரல்கள். கணிதத்துக்கு ஒன்று, தேதிகளைக் கையாள ஒன்று, வரைபடம் போட ஒன்று. எல்லாம் சர்வரில் பொதுவாக எல்லாருக்கும் நாங்களே நிறுவி வைத்திருப்பவை. அவற்றையே ஒவ்வொரு ஆற்றுக்கும் ஒரு தடவை என்று திரும்பத் திரும்ப உங்கள் ஃபோல்டரில் இறக்கி வைத்திருக்கிறீர்கள். எதற்கு?

முதல் பாதி முடிந்தது.

சம்பந்தி, உடம்பு எப்படி இருக்கிறது? புது ஊர் ஒத்துக்கொண்டதா? நேற்று என் பெண் போனில் பேசினாள். "மாமாவுக்கு மாடி ரூம் பிடிச்சிருக்கா?" என்று கேட்டேன். "பிடிக்காம என்னம்மா. அடுப்பு, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின்னு எல்லாத்தையும் அங்கயே வாங்கி வெச்சுட்டார். கீழ இறங்கவே வேண்டாம்," என்றாள். அவள் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அங்கே உங்களுக்கு ஏதாவது குறையா?

இப்படிக்கு,
இரண்டு பேரும்


பிப்ரவரி 5

சம்பந்தி அம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். எந்தப் பாதிக்கு முதலில் பதில் எழுதுவது என்று யோசித்ததிலேயே பொழுது போய்விட்டது. "போன் பண்ணிக் கேட்டுடுங்கப்பா, அஞ்சு நிமிஷ வேலை," என்றான் மகன். போனில் பேசினால் சொல்ல வந்தது மறந்துபோய், சொல்ல வேண்டாதது வாயில் வந்துவிடுகிறது. ஆகவே எழுதுகிறேன்.

முதலில் சர்வர். நீங்கள் கண்டது உண்மைதான். ஒரு பேக்கேஜை நிறுவும்போது, அது எந்தெந்தத் துணைப் பேக்கேஜுகளை நம்பி நிற்கிறதோ அவற்றையும் சேர்த்து என் ஃபோல்டரிலேயே முழுதாக இறக்கிக்கொள்வது என் வழக்கம். காரணம் உங்களுக்கே தெரிந்திருக்கும். எழுதலாமா என்று தயங்கினேன், எழுதிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன் பொதுவில் இருந்த கணித பேக்கேஜ் ஒரு நாள் மாற்றப்பட்டது. எனக்குத் தெரியாது. முதல் நாள் ஓட்டிய அட்டவணைக்கும் மறுநாள் ஓட்டியதற்கும் மூன்றாவது தசமத்தில் வித்தியாசம் வந்தது. ஆய்வுக் கூட்டத்தில் ஒரே ஆற்றுக்கு இரண்டு அட்டவணைகளை வைத்துக்கொண்டு நின்றேன். அன்றிலிருந்துதான் அலுவலகத்தில் எனக்குத் தசமம் என்று பெயர். பின்னால் கூப்பிடுவது என் காதில் விழாது என்று எல்லாரும் நினைத்தார்கள்.

அதன்பிறகு பொதுவில் இருப்பதைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். எனக்கு வேண்டியது என்னிடமே இருந்துவிட்டால் யாரையும் கேட்க வேண்டாம், யார் எதை மாற்றினாலும் பயப்பட வேண்டாம். இது சரியான முறைதானா என்று எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு. கேட்க யாரும் இல்லாததால் அப்படியே தொடர்ந்துவிட்டேன்.

நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆற்றங்கரையில் நிற்கும் அளவுக் கருவியின் மிதவை சேற்றில் சிக்கிக்கொண்டால், வெள்ளம் வந்தாலும் வறண்டாலும் அது நேற்றைய அளவையே திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும். பழைய பதிவுகளில் கருவி அப்படிப் பொய் சொன்ன நாட்களைக் கண்டுபிடிக்க ஒரு நிரல் எழுதினேன். அதை வைத்து ஒவ்வோர் ஆறாகப் பார்த்து வருகிறேன். பாதி ஆறுகள் இன்னும் மீதி. இதைச் செய்யும்படி யாரும் சொல்லவில்லை. யாருக்காவது பயன்படுமா என்றும் தெரியாது. ஆனால் என் மனைவி, உங்கள் சம்பந்தியம்மா, காலமான பிறகு, காலையில் எழுந்ததும் எனக்கென்று இருப்பது இது ஒன்றுதான். கணக்கை மூடிவிட்டால் என்ன செய்வேன் என்று யோசிக்கவே முடியவில்லை. கொஞ்சம் அவகாசம் கிடைக்குமா?

அடுத்து, மாடி அறை. குறை ஒன்றும் இல்லை. மகனும் மருமகளும் காலையில் ஓடி மாலையில் திரும்புகிறவர்கள். அதற்கு நடுவில் நான் போய் அடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றால் யாருக்கு நல்லது? யாருக்கும் தொந்தரவாக இருக்கக் கூடாது என்பதுதான் என் எண்ணம். வேறொன்றும் இல்லை.

தங்கள்,
சம்பந்தி


பிப்ரவரி 7

சம்பந்தி,

அவகாசம் என் கையில் இல்லை. இயக்குநரிடம் கேட்டேன். "ஒருத்தருக்குக் கொடுத்தா எல்லாரும் வரிசையில நிப்பாங்க," என்றார். மாதக் கடைசி என்றால் மாதக் கடைசிதான்.

ஆனால் வேலை சின்னதுதான். உங்கள் பழைய கமாண்டுகளை எடுத்துப் பார்த்தேன். எந்த பேக்கேஜை நிறுவினாலும் கூடவே ஒரு குறிப்பு சேர்த்திருக்கிறீர்கள்: 'ஏற்கெனவே இருப்பதைக் கண்டுகொள்ளாதே.' ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு தடவையும்! அந்தக் கட்டளைக்கு அப்படியொரு குறிப்பு இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. சர்வர் என்ன செய்யும், பாவம். "எல்லாம் இங்கேயே இருக்கு ஐயா" என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் வாயை அடைத்துவிடுகிறீர்கள்.

அந்தக் குறிப்பை எடுத்துவிட்டு, 'என் ஃபோல்டரில் நிறுவு' என்று மட்டும் சொல்லுங்கள். அது முதலில் பொதுவில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்கும். தேவையான துணை அங்கே இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளும். இல்லாததை மட்டும் கொண்டுவந்து உங்கள் ஃபோல்டரில் வைக்கும். பொதுவிடத்தில் கை வைக்க உங்களுக்கு அனுமதியும் வேண்டாம், அங்கே இருப்பதை இரண்டாம் முறை சுமக்கவும் வேண்டாம்.

அந்த மூன்றாவது தசமத்தைப் பற்றி. மாற்றியது நான்தான். சொல்லாமல் மாற்றினேன். அப்போது நான் வேலைக்குச் சேர்ந்த புதிது, சொல்ல வேண்டும் என்றே தெரியாது. இப்போது மாற்றுவதற்கு ஒரு வாரம் முன்பே எல்லாருக்கும் எழுதுகிறோம். உங்களுக்கும் வருகிறது. நீங்கள் படிப்பதில்லை, ஏனென்றால் உங்களுக்கு அது தேவையே இல்லை, நீங்கள்தான் தனி ராஜ்ஜியம் நடத்துகிறீர்களே.

மாடியிலும் அதே ராஜ்ஜியம்தான் போலிருக்கிறது. தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று நீங்கள் எழுதியதை என் பெண்ணுக்குப் படித்துக் காட்டினேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தொந்தரவு இல்லம்மா. யாரோ வாடகைக்கு இருக்கற மாதிரி இருக்கு. வாடகை மட்டும்தான் வாங்கல." எங்கள் வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு ஒரு மனிதருக்குச் சோறு போடத் தெரியாது என்று நீங்கள் நினைத்துவிட்டீர்களா? கேட்டுவிட்டேன். மனதில் வைத்துக்கொள்வது என் பழக்கம் இல்லை.

சம்பந்தி


பிப்ரவரி 14

கணினிப் பிரிவுப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

தங்கள் அறிவுரைப்படி முயன்றேன். ஒரே ஒரு ஆற்றின் ஃபோல்டரை எடுத்துக்கொண்டு, அதிலிருந்த கணித பேக்கேஜை நீக்கிவிட்டு, பொதுவில் இருப்பதைப் பயன்படுத்தும்படி செய்தேன். நிரல் ஓடியது. ஆனால் விடை மாறிவிட்டது. மிதவை சிக்கிய நாட்கள் முன்பு வந்தவை வேறு, இப்போது வந்தவை வேறு. நீக்கியதைத் திரும்ப அதே இடத்தில் வைத்தேன். விடையும் பழையபடி வந்தது.

இதை நான் வேறு எப்படிப் புரிந்துகொள்வது என்று தெரியவில்லை. என் பயம் வீண் இல்லை என்றுதான் தோன்றுகிறது. நான் சரியாகச் செய்யவில்லை என்பதற்கும் வாய்ப்பு உண்டு. எது என்று கண்டுபிடிக்க எனக்குத் திறமையும் இல்லை, நாளும் இல்லை. ஆகவே மாதக் கடைசியில் கணக்கை மூடிவிடலாம். அதற்கு என் சம்மதத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

தனிப்பட்ட முறையில் ஒரு வரி. நான் இங்கே இருப்பது தங்கள் மகளுக்கு வருத்தம் தருகிறது என்று இதுவரை எனக்குத் தெரியாது. பக்கத்துத் தெருவில் ஓர் அறை வாடகைக்கு இருக்கிறது. போய்ப் பார்த்தேன். வெளிச்சமாக இருக்கிறது. மகனிடம் இன்னும் சொல்லவில்லை.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஆய்வு அலுவலர்


பிப்ரவரி 16

ஓய்வுபெற்ற ஆய்வு அலுவலர் அவர்களே,

'தங்கள் உண்மையுள்ள' என்று முடித்திருந்ததைப் பார்த்ததும் கடிதத்தை முதலிலிருந்து மறுபடி படித்தேன். நீங்கள் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. இதுதான் கோபம் என்று புரிந்துகொள்ள எனக்கே கொஞ்ச நேரம் ஆனது. நான் எழுதியது அதிகம்தான். என் பெண் கேலியாகச் சொன்னதை நான் குத்தலாக எழுதிவிட்டேன். அவளிடம் சொன்னதும் என்னைப் பிடித்து உலுக்கிவிட்டாள். "உன்கிட்ட போய்ச் சொன்னேன் பாரு, என்னைச் சொல்லணும்!" அந்த வெளிச்சமான அறைக்கு முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். முதலில் அவளிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். நான் நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுமந்ததில்தான் இவ்வளவும்.

இப்போது பொறுப்பாளர். நீங்கள் பழையபடி வைத்துவிட்ட அந்த ஆற்றின் ஃபோல்டரை நகல் எடுத்து, கணித பேக்கேஜை மட்டும் நீக்கி, நானே ஓட்டிப் பார்த்தேன். உங்களுக்கு வந்த அதே தப்பான விடைதான் எனக்கும் வந்தது. ஆகவே நீங்கள் செய்ததில் பிழை இல்லை. செய்யாமல் விட்டதில்தான் பிழை.

உங்கள் நிரல் ஓடும்போது தனக்கு வேண்டியதை முதலில் உங்கள் ஃபோல்டரில்தான் தேடும். அங்கே கிடைத்துவிட்டால் பொதுவிடத்தின் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. நீங்கள் கணித பேக்கேஜை மட்டும் நீக்கினீர்கள். ஆகவே அது பொதுவிலிருந்து புதியதாக வந்தது. ஆனால் தேதி பேக்கேஜின் பழைய நகல் உங்கள் ஃபோல்டரில் அப்படியே இருந்தது, அதனால் அது பழையது. இரண்டும் இரண்டு காலத்து ஆட்கள். அளவு பதிவாகாத நாட்களைப் பழையது ஒரு மாதிரி குறித்துக் கொடுக்கிறது, புதியது அதை வேறு மாதிரி படிக்கிறது. விடை மாறாமல் என்ன செய்யும்?

பாதி எடுத்து பாதி விட்டால் ஆகாது. பொதுவில் உள்ளவை அத்தனையும் உங்கள் ஃபோல்டரிலிருந்து போக வேண்டும். பிறகு ஓட்டுங்கள். அப்போதும் விடை மாறினால் நானே இயக்குநர் முன்னால் போய் உங்களுக்காக நிற்கிறேன்.

நாள் இருக்கிறது. தயவுசெய்து.

உங்கள் சம்பந்திதான்


பிப்ரவரி 22

சம்பந்தி அம்மாவுக்கு,

என் போன கடிதத்தின் தொனிக்காக வருந்துகிறேன். அனுப்பிய மறு நிமிஷமே திரும்ப எடுக்க முடியுமா என்று தேடினேன்.

நீங்கள் சொன்னபடி செய்தேன். எதையும் அழிக்கவில்லை. அழிக்க மனம் வரவில்லை. முதலில் எல்லா நகல்களையும் என் வீட்டுக் கணினிக்கு இறக்கி வைத்தேன். பிறகு பொதுவில் இருப்பவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, என் ஃபோல்டரிலிருந்து எல்லாவற்றையும் எடுத்தேன். பொதுவில் இல்லாத ஒரே ஒரு சின்ன பேக்கேஜை மட்டும், 'கண்டுகொள்ளாதே' குறிப்பு இல்லாமல், திரும்ப நிறுவினேன். வேறு எதையும் அது கூட்டிவரவில்லை. திரையில் 'ஏற்கெனவே உள்ளது, ஏற்கெனவே உள்ளது' என்று வரிசையாக வந்தபோது எனக்கு என்னவோ போல் இருந்தது. அது ஒவ்வொரு தடவையும் இதைத்தான் சொல்லப் பார்த்திருக்கிறது.

பிறகு ஏற்கெனவே பார்த்து முடித்த ஆறுகள் அனைத்தையும் ஓட்டினேன். விடைகள் ஒன்றுகூட மாறவில்லை. எந்தத் தசமத்திலும் மாறவில்லை.

சந்தோஷப்பட வேண்டிய இடம்தான். ஆனால் ஃபோல்டரைத் திறந்து பார்த்தபோது அப்படி இருக்கவில்லை. பொதுவில் இருப்பது போக என்னுடையது என்று மிஞ்சியது அந்த ஒரு நிரல். மிதவை சிக்கியதைக் கண்டுபிடிக்கும் நிரல். திரையில் இரண்டு முறை உருட்டினால் முடிந்துவிடுகிறது. அலுவலகத்திலேயே பெரிய ஃபோல்டர் என்றீர்களே, அதற்குள் இருந்தது இவ்வளவுதான். இதை ஒழுங்காக வைக்கலாம் என்று ஆறுகளின் அளவுகளை அகர வரிசைப்படுத்தி, நிரலைத் தனியாக ஒரு துணை ஃபோல்டரில் போட்டேன். அதன்பின் செய்ய ஒன்றும் இல்லை. இதற்காக ஒரு கணக்கை வைத்துக்கொள்ளத்தான் வேண்டுமா என்று தோன்றுகிறது.

வீட்டில் ஒரு விஷயம் நடந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் நான் மாடியில் மெஷினைப் போட்டுவிட்டு கரண்ட் அடுப்பையும் போட்டேன். கீழேயும் அவர்கள் இரண்டையும் போட்டிருந்தார்கள். பட்டென்று வீடு முழுக்க விளக்கு போய்விட்டது. மருமகள் கைபேசி வெளிச்சத்தில் படியேறி வந்தாள்.

"மாமா, மேல என்ன ஓடுது?"

"வாஷிங் மெஷின்மா. அடுப்பும்."

"கீழயும் அதேதான் ஓடுது."

பின்னாலேயே மகன் வந்தான். "ஏம்ப்பா, ஒரு மீட்டர்ல ரெண்டு குடித்தனம் ஓட்டினா கரண்ட் என்னத்துக்கு ஆகும்?"

"நீங்க சும்மா இருங்க," என்று அவனை அடக்கிவிட்டு அவள் மெஷினைத் திறந்து பார்த்தாள். உள்ளே என் சட்டை ஒன்று, துண்டு ஒன்று. "இதுக்கா மாமா? கூடையில போட்டா எங்க துணியோட சேர்ந்து சுத்தாதா?"

"உங்களுக்குச் சிரமம்னு..."

"ஒரு சட்டை கூட இருக்குன்னு மெஷினுக்குத் தெரியக்கூடத் தெரியாது."

இருட்டில் மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தோம். முகம் தெரியாததால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. "நான் இங்க இருக்கறது உனக்குக் கஷ்டமாம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"நீங்க இருக்கறது இல்ல மாமா. நீங்க இல்லாத மாதிரி இருக்கறதுதான்," என்றாள். பிறகு, "கீழ சாப்பாடு இருக்கு, கரண்ட் வந்ததும் சூடு பண்றேன், வாங்க," என்று இறங்கிப் போய்விட்டாள்.

அந்த வாடகை அறையைப் பற்றி நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன்.

சம்பந்தி


பிப்ரவரி 24

தசமம் சார்,

உங்கள் காதில் விழுகிறது என்று தெரிந்துவிட்டபடியால் நேராகவே கூப்பிட்டுவிட்டேன்.

இன்று காலை இங்கே நடந்ததைக் கேளுங்கள். தினமும் விடிந்ததும் ஆற்றோர ஊர்களுக்கெல்லாம் நீர்மட்ட அறிக்கை போகும், தெரியும் அல்லவா? நேற்றும் இன்றும் போகவில்லை. நேற்று விடுமுறை, யாரும் கவனிக்கவில்லை. இன்று எட்டு மணிக்கெல்லாம் என் மேஜையைச் சுற்றிக் கூட்டம். 'நிரல் கிடைக்கவில்லை' என்று பிழை காட்டுகிறது. எந்த நிரல் என்று தோண்டினால், உங்களுடையது!

உங்கள் நாற்காலிக்கு வந்தவரைக் கூப்பிட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "கருவி சிக்கியிருந்தா தப்பான அளவு போயிடும்ல மேடம். அதைப் பிடிக்கற நிரல் சார்கிட்டதான் இருக்கு. அதான் அவர் ஃபோல்டர்ல இருந்தே எடுத்துக்கறோம்."

"அவர்கிட்ட கேட்டீங்களா?"

"இல்ல மேடம்."

"அவர் ரிட்டயர் ஆகி எவ்வளவு காலம் ஆச்சு?"

"ஆச்சு மேடம்... ஆனா ஃபோல்டர் இருந்துச்சே. எப்பவும் இருக்கும்னு நெனச்சோம்."

இதற்குள் இயக்குநர் வந்துவிட்டார். "என்னது, தசமம் இன்னும் உள்ளயா இருக்கார்?" என்றார். "இருக்கார் சார். மாதக் கடைசியில நீங்க அவரை வெளிய அனுப்பப் போறீங்க," என்றேன். அவர் முகத்தைப் பார்க்க நீங்கள் இங்கே இல்லாமல் போய்விட்டீர்கள்.

ஆக, நீங்கள் நிரலைத் துணை ஃபோல்டருக்கு நகர்த்திய மறுநாளே அறிக்கை நின்றிருக்கிறது. பயந்துவிடாதீர்கள்! யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆற்றில் கணுக்கால் நனையும் அளவுதான் தண்ணீர். மதியத்துக்குள் புது இடத்தைக் காட்டிச் சரிசெய்துவிட்டேன்.

மிஞ்சியது இவ்வளவுதானா என்று எழுதியிருந்தீர்கள். அதற்குப் பிறகு ஒரு வேலை செய்தேன். அதே நிரலோ, அதன் நகலோ, அதைப் போன்ற வேறொன்றோ சர்வரில் எங்காவது இருக்கிறதா என்று மூலைமுடுக்கெல்லாம் தேடினேன். இல்லை. எல்லாருடைய ஃபோல்டரிலும் எல்லாருடைய பொருளும் இருக்கிறது. இது மட்டும் உங்களிடம்தான் இருக்கிறது.

இப்போது செய்ய வேண்டியது. ஒரு தனியாளின் ஃபோல்டரை நம்பி அறிக்கை ஓடக் கூடாது. உங்கள் நிரலைப் பொதுவிடத்தில் நிறுவ வேண்டும். அங்கே வைக்கும் எதற்கும் ஒரு பராமரிப்பாளர் பெயர் வேண்டும். பழுது வந்தால் அவருக்குத்தான் போன் போகும், விடியற்காலையானாலும் சரி. அவர் தயார் என்றால் அவருடைய கணக்கை மூட மாட்டார்கள், அது விதி. உங்கள் நாற்காலிக்காரர், "நான் வேணா பார்த்துக்கறேன்" என்கிறார், குரலில் அவ்வளவு உற்சாகம் இல்லை.

அவர் பெயரைப் போட்டால் உங்களுக்குத் தொல்லை இல்லை, ஆனால் மாதக் கடைசியில் உங்கள் கணக்கு மூடப்படும். உங்கள் பெயரைப் போட்டால் கணக்கு இருக்கும், தொல்லையும் இருக்கும். யார் பெயர் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள்.

சம்பந்தி


பிப்ரவரி 27

சம்பந்தி அம்மாவுக்கு,

அறிக்கை நின்றது என்று படித்ததும், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்ற வரியைத் தேடிப் பிடித்து மூன்று தடவை படித்தேன். என் ஃபோல்டர்தானே, நான் எதை எங்கே வைத்தால் யாருக்கு என்ன என்று நினைத்து நகர்த்திவிட்டேன்.

நீங்கள் கேட்டதற்கு அன்றைக்கே ஒரு பதில் எழுதினேன். புதியவர் பெயரைப் போட்டுவிடுங்கள் என்று எழுதினேன். அவர் இளைஞர், பக்கத்திலேயே இருக்கிறார். எனக்கு மறதி வந்துகொண்டிருக்கிறது. போன் வந்தால் பதில் வராது. நிரலில் தவறு இருந்து என் பெயர் அதன் மேல் இருந்தால் என்ன ஆவது என்றெல்லாம் காரணங்களை வரிசையாகப் போட்டேன். நன்றாகவே வந்திருந்தது. காலையில் ஒரு முறை படித்துவிட்டு அனுப்பலாம் என்று வைத்தேன்.

காலையில் கீழே இறங்கினேன். இப்போது நான் கீழேதான் சாப்பிடுகிறேன். மாடி அடுப்பையும் மெஷினையும் வேலைக்கு வரும் அம்மா கேட்டார், கொடுத்துவிட்டோம். சமையலறையில் மருமகள் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது.

"உப்பு எங்க?"

யாரிடம் கேட்கிறாள் என்று முதலில் புரியவில்லை.

"மாமா, உங்களைத்தான். உப்பு எங்க? சர்க்கரை எங்க? இங்க இருந்த கரண்டி எல்லாம் எங்க போச்சு?"

முந்தின நாள் வீட்டில் யாரும் இல்லாதபோது அலமாரியை நான்தான் அடுக்கி வைத்தேன். டப்பாக்கள் உயர வாரியாக, பின்னால் பெரியது, முன்னால் சின்னது. கரண்டிகள் இழுப்பறையில், நீளப்படி. அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவளிடம் அதைச் சொல்லவும் செய்தேன்.

"எனக்குக் கண்ணை மூடிட்டு எடுத்துப் பழக்கம் மாமா! அடுப்புல பாத்திரத்தை வெச்சுட்டு கையை நீட்டினா உப்பு இருக்கணும். இப்ப கையை நீட்டினா காப்பித்தூள் வருது! யார் உங்களை அடுக்கச் சொன்னா? அடுக்கறதா இருந்தா சொல்லிட்டு அடுக்கறதுக்கு என்ன? இனிமே இந்த அலமாரியில கை வெச்சீங்க, தெரியும்!"

மகன் செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். நான் உப்பை எடுத்துக் கொடுத்தேன். "சாரிம்மா" என்றேன். "சாரி எல்லாம் அப்புறம், அந்தத் தட்டை எடுங்க," என்றாள். எடுத்தேன். அவளும் வேலைக்குப் போய்விட்டாள். சாயங்காலம் வந்ததும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. எனக்குத் தேநீர் வைத்தாள், தனக்கும் வைத்துக்கொண்டாள்.

நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் என்னிடம் குரல் உயர்த்தியதே இல்லை. அவ்வளவு மரியாதை. எதைச் சொன்னாலும் "பரவாயில்ல மாமா, இருக்கட்டும் மாமா." அன்று காலையில் அவள் என்னைத் திட்டிக்கொண்டிருந்தபோது என் காதெல்லாம் சூடாகிவிட்டது. பிறகு மாடிக்கு வந்து உட்கார்ந்தபோதுதான், அவள் எனக்கு மரியாதை கொடுக்க மறந்துபோனாள் என்பது புரிந்தது. அதை உங்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு மிகவும் நன்றாக இருந்தது.

எழுதி வைத்திருந்த பதிலைத் திரும்பப் படித்தேன். எழுதிய காரணங்கள் ஒவ்வொன்றும் சரிதான். ஆனாலும் அனுப்பவில்லை.

நிரலைப் பொதுவிடத்தில் நிறுவிக்கொள்ளுங்கள். எல்லாரும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளட்டும், நானும் அங்கிருந்தே எடுத்துக்கொள்கிறேன். என் ஃபோல்டரில் அதற்கு நகல் வேண்டாம். யாராவது அதில் ஒரு வரியை மாற்றினாலும் எனக்கு முன்கூட்டி எழுத வேண்டும் என்பதை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நானும் மாற்றினால் முன்கூட்டி எழுதுவேன். அதில் தவறு வரும். வராது என்று எந்த நிரலுக்கும் சொல்ல முடியாது. வந்தால் கூப்பிடட்டும், திட்டட்டும். பராமரிப்பாளர் என்ற இடத்தில் என் பெயரையே போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
சம்பந்தி